நியாயமான வாய்ப்பு

சென்னை
19.3.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஏழு முறை அடித்தேன், நீ எடுக்கவில்லை. நாம் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிஷம் சண்டைதான். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பது ஒரு வசதி.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்தைப் பார். வருவாய் ஆய்வாளரான நீ, இறந்துபோன அம்மாசி என்பவரின் வாரிசுச் சான்றுக்கு, அவர் மனைவி வீராயியை விசாரிக்காமலேயே, முதல் தாரத்து மகன் ஒருவன்தான் வாரிசு என்று ஆன்லைனில் பரிந்துரை செய்தாய். இதுதான் உன் மேல் உள்ள குற்றச்சாட்டு. தன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று அந்தம்மா கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறார். கலெக்டர் உன்னை சஸ்பெண்ட் செய்து, பதினேழு பி பிரிவில் குறிப்பாணை கொடுத்திருக்கிறார். வேலையை விட்டே அனுப்பக்கூடிய பிரிவு அது.

நான் தலைமைச் செயலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கோப்புகளோடுதான் குடும்பம் நடத்துகிறேன். கேட்டுக்கொள். மூன்று வரி எழுது: ‘வேலைப் பளுவால் கவனக்குறைவு ஏற்பட்டுவிட்டது, வருந்துகிறேன், மன்னிக்க வேண்டுகிறேன்.’ ஒரு இன்கிரிமென்ட் போகும். மூன்று மாதத்தில் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாய். விசாரணை வேண்டும் என்று கேட்டாயானால், அது எப்போது முடியும் என்று அந்த ரங்கநாதருக்கே தெரியாது.

கனிஷ்காவுக்கு செப்டம்பரில் நிச்சயதார்த்தம் வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அத்தை வந்து தட்டு மாற்ற வேண்டும் என்கிறாள் உன் மருமகள்.

அன்புடன்,
அருள்ராஜ்

---

ஸ்ரீரங்கம்
24.3.2023

தம்பி அருளுக்கு,

குறுக்கே பேச முடியாதுதான். ஆனால் கடிதத்தை நான்கு தடவை படித்து நான்கு தடவையும் திட்ட முடிந்தது.

அந்த வீராயி வீட்டுக்கு நான் போனேன். போன ஆகஸ்ட் மாசம். ஆலந்தோப்புப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் வெயிலில் நடந்தேன். அந்தம்மாவிடம் வாக்குமூலம் வாங்கி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினேன். ‘முதல் மனைவி இறந்த பின் மணந்த இரண்டாவது மனைவி உயிரோடு உள்ளார், இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்துள்ளார், ஒரு பெண் குழந்தை உண்டு, இவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும்’ என்று என் கையால் அறிக்கை எழுதி, இரண்டையும் சேர்த்து தாலுகா ஆபீசுக்கு அனுப்பினேன். இப்போது கோப்பில் அறிக்கையும் இல்லை, வாக்குமூலமும் இல்லை. ஆன்லைனில் என் பெயரில் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று ஒரே ஒரு சொல் மட்டும் இருக்கிறது.

நான் போகவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், அருள். போன எனக்கு ‘போகவில்லை, மன்னிக்கவும்’ என்று எழுதக் கை வருமா?

போன வாரம் வீராயி என்னைப் பார்த்துவிட்டார். சஸ்பென்ஷன் ஆர்டரை வாங்கிக்கொண்டு ஆபீசை விட்டு வெளியே வருகிறேன், கேட்டருகே நிற்கிறார். “என் தாலியத்துப்போன முப்பதாம் நாள் வந்து நீ வாங்கிட்டுப் போனதுக்கு நல்லா இருப்பியா?” என்று அத்தனை பேர் எதிரில் கேட்டார். என்ன வாங்கிக்கொண்டு போனேன் என்றே எனக்குப் புரியவில்லை. லஞ்சம் என்று நினைக்கிறார் போல. முப்பது வருஷ சர்வீஸில் ஒரு டீ கூட ஓசியில் குடிக்காதவள் நான்.

சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். அரசியலமைப்பில் 311-ஆவது பிரிவு. குற்றச்சாட்டைச் சொல்லி, தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரித்த பிறகுதான் ஒரு அரசு ஊழியரை நீக்கலாம் என்று இருக்கிறது. எனக்கு அந்த வாய்ப்பு வேண்டும். ‘குற்றச்சாட்டை மறுக்கிறேன், நேரடி விசாரணை வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கனிஷ்காவிடம் சொல், அத்தை கண்டிப்பாக வருவேன் என்று.

அக்கா
ஆனந்தவள்ளி

---

ஸ்ரீரங்கம்
11.9.2023

அருள்,

இன்று காலை எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. ‘தாங்கள் 9, 10 ஆகிய இரு நாட்கள் சென்னை சென்றுவர அனுமதி அளிக்கப்படுகிறது.’ நிச்சயதார்த்தம் நேற்று முடிந்துவிட்டது. அனுமதி இன்று வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட தேதி ஆறு. ஆறாம் தேதி போட்ட கையெழுத்து கலெக்டர் ஆபீசிலிருந்து காவேரிப் பாலத்தைத் தாண்ட ஐந்து நாள் எடுத்திருக்கிறது. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றியிருந்தால் அரை மணி நேரத்தில் வந்திருக்கும்.

சஸ்பென்ஷனில் இருப்பவள் அனுமதி இல்லாமல் ஊரைத் தாண்டக் கூடாதாம். வேலையும் கிடையாது, வெளியே போகவும் கூடாது. ஆகஸ்ட் 4-ஆம் தேதியே மனுக் கொடுத்தேன். மூன்று தடவை நேரில் போனேன். “மேல போயிருக்குங்க மேடம்” என்றார்கள். மேல் என்றால் மாடி. நான் மாடிக்கும் போனேன். “கீழ அனுப்பிட்டோமே” என்றார்கள்.

விசாரணை கதையையும் கேள். முதல் விசாரணை அலுவலர் மே மாதம் போடப்பட்டார், ஜூனில் மாறுதலாகிப் போனார். இரண்டாமவர் ஒரு தேதி குறித்தார். புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். அவர் மந்திரி நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். அடுத்த தேதி குறிப்பதற்குள் ரிடையர் ஆகிவிட்டார். மூன்றாமவர் இன்னும் போடப்படவில்லை. சஸ்பென்ஷனை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கொடுத்த இரண்டு மனுவுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே பதில். காற்புள்ளி கூட மாறவில்லை.

கனிஷ்கா போட்டோ அனுப்பியிருந்தாள். பச்சைப் பட்டு அவளுக்கு நன்றாக இருந்தது. தட்டு மாற்றியது யார்?

ஆனந்தவள்ளி

---

சென்னை
20.9.2023

அன்புள்ள அக்கா,

தட்டை என் மாமியார் மாற்றினார். கனிஷ்கா அழுதாள். அதை இங்கே எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

போதும் அக்கா. ஆறு மாதம் போய்விட்டது. என்னோடு ஒரே வருஷம் தேர்வாகி வேலைக்கு வந்த ஒருவர் இப்போது திருச்சியில் நல்ல இடத்தில் இருக்கிறார். அவரிடம் பேசினேன். நீ தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால், இந்த மாதக் கடைசிக்குள் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கடிதத்தை நானே டைப் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

அவர் ஒன்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆன்லைன் பரிந்துரை உன் லாகினில், உன் பாஸ்வேர்டு போட்டுத்தான் போயிருக்கிறது. நீ போடவில்லை என்றால் யார் போட்டது? உன் பாஸ்வேர்டு வேறு யாருக்குத் தெரியும்?

அருள்ராஜ்

---

ஸ்ரீரங்கம்
2.10.2023

அருள்ராஜுக்கு,

நீ டைப் செய்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பெருக்கல் குறி இருந்த துண்டை மட்டும் திருப்பி அனுப்புகிறேன். உன் நண்பரிடம் கொடு.

யாரைக் கேட்டு நீ பேசினாய்? முறையாக விசாரியுங்கள் என்று நான் வாசல் வாசலாக நிற்கிறேன். நீ பின்வாசலில் போய் எனக்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்திருக்கிறாய். நாளைக்கு நான் ஜெயித்தாலும் ‘தலைமைச் செயலகத்துத் தம்பி பேசி முடித்தான்’ என்பார்கள். அது உனக்குத் தோன்றவில்லையா?

பாஸ்வேர்டு கேட்டாயே. சொல்கிறேன். மார்ச் மாதமே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

என் பாஸ்வேர்டு அன்புச்செல்வனுக்குத் தெரியும். தாலுகா ஆபீசில் துணை தாசில்தார், எனக்கு மேல் அதிகாரி. எங்கள் பிர்க்காவில் பதினைந்து கிராமம், ஆபீசில் நெட் வராது. ஒரு நாளைக்கு நாற்பது மனு. “பேப்பர்ல எழுதி அனுப்பிடுங்க மேடம், இங்க நாங்க ஏத்திக்கிறோம்” என்றார். எல்லா ஆர்.ஐ.யும் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, என் கையாலேயே. அதை வைத்துத்தான் அவர் என் பெயரில் ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் பாஸ்வேர்டு கொடுத்த தப்பு என் மேல் வரும். சொல்லாவிட்டால் பரிந்துரை செய்த தப்பு என் மேல் வரும். இந்த ஆறு மாதமாக நான் தூங்காததற்குக் காரணம் சஸ்பென்ஷன் இல்லை. இதுதான்.

இனி எனக்கு எழுதாதே. போனும் வேண்டாம்.

ஆனந்தவள்ளி

---

சென்னை
4.2.2024

அக்கா,

எழுதாதே என்றாய். நான்கு மாதம் எழுதவில்லை. இதைப் படிக்காமலே வைத்தாலும் சரி, நான் எழுதியாக வேண்டும்.

நீ ஏன் விசாரணைக்கு நிற்கிறாய் என்று எனக்குப் புரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் பிரிவுக்கு ஒரு இளநிலை உதவியாளர் கோப்பு வந்தது. பெயர் வேண்டாம். ஏழு மாதம் வேலைக்கு வரவில்லை என்று குற்றச்சாட்டு. அவர் நான்கு பக்கம் விளக்கம் எழுதியிருந்தார். பொடி எழுத்து, நெருக்கி நெருக்கி. அன்று என் மேஜையில் அறுபது கோப்பு. நான் அந்த நான்கு பக்கத்தையும் படிக்கவில்லை. ‘விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை’ என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். எப்போதும் எழுதுகிற வரிதான். மேலே இருந்த மூவரும் என் குறிப்பை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். அவரை நீக்கிவிட்டார்கள்.

மூன்று வருஷம் கழித்து நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ‘ஊழியரின் விளக்கத்தை எவரும் படித்ததற்கான அடையாளமே கோப்பில் இல்லை’ என்று தீர்ப்பில் ஒரு வரி. அன்றைக்குத்தான் அந்த நான்கு பக்கத்தைப் படித்தேன். மனைவிக்குக் கருப்பையில் புற்று, வேலூர் ஆஸ்பத்திரி, ரசீது எண் உட்பட எழுதியிருந்தார். லீவு லெட்டரை எந்தத் தேதியில் யார் கையில் கொடுத்தார் என்பதும் இருந்தது. எல்லாம் உண்மை. அந்தம்மா அதற்குள் இறந்துபோயிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு இந்த ‘நியாயமான வாய்ப்பு’ என்ற வார்த்தையைப் பார்த்தால் வாயைத் திறக்கத் தோன்றாது. வாய்ப்புக் கொடுப்பார்கள், கேட்பது யார்? என்னைப் போல ஒருவன்தானே உன் விளக்கத்தையும் படிக்கப் போகிறான் என்ற பயம். அதனால்தான் மன்னிப்புக் கேள், மன்னிப்புக் கேள் என்று நச்சரித்தேன். உன்னை நம்பாமல் இல்லை அக்கா. என்னை நம்பாமல்.

திருச்சி நண்பரிடம் இனி தலையிட வேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு உபயோகமான விஷயம். நீ அறிக்கையை அனுப்பியபோது உங்கள் ஆபீஸ் தபால் புத்தகத்தில் பதிந்திருப்பார்கள். வாங்கியவர் கையெழுத்து இருக்கும். ‘இணைப்பு: வாக்குமூலம்’ என்று எழுதியிருந்தால் போதும். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி மனுக் கொடு. மறுத்தால், மறுத்ததை எழுத்தில் வாங்கு. இன்னொன்று, வீராயியைக் குறுக்கு விசாரணை செய்ய உனக்கு உரிமை உண்டு. அவரைப் பார்த்துப் பயப்படாதே.

பாஸ்வேர்டைப் பற்றி என்ன செய்வது என்று நான் சொல்லப் போவதில்லை.

அருள்

---

ஸ்ரீரங்கம்
19.10.2024

தம்பி அருளுக்கு,

உன் பிப்ரவரிக் கடிதத்தை அன்றே படித்தேன். பதில் எழுத வரவில்லை. தபால் புத்தகம் கேட்டு அந்த வாரமே மனுக் கொடுத்தேன். பிறகு பார்லிமென்ட் தேர்தல் வந்தது. ஜூன் வரை எல்லாரும் தேர்தல் வேலை. ஜூலையில் ‘கோரிய ஆவணம் இவ்வழக்குக்குத் தொடர்பற்றது’ என்று பதில் வந்தது. நீ சொன்னபடி அந்த மறுப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் மூன்றாவது விசாரணை அலுவலர் வந்தார். இக்ரா என்று பெயர், துணை கலெக்டர். கனிஷ்காவை விட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். இவரும் இன்னும் மூன்று மாதத்தில் மாறிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். முதல் நாளே அந்த மறுப்பைப் படித்துப் பார்த்து, “தொடர்பு இருக்கா இல்லையான்னு நான்தானே சொல்லணும்?” என்றார். தபால் புத்தகத்தை ஒரு வாரத்தில் கொண்டுவரச் சொன்னார். வந்தது.

நேற்று முன்தினம் விசாரணை. சாட்சியாக வீராயி. மஞ்சள் பையில் அம்மாசியின் ஆதார், ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ எல்லாம் வைத்திருந்தார். அம்மாசி அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். என்னைப் பார்த்ததும் வீராயி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் முறை வந்தது. பத்தொன்பது மாதமாக எழுதி வைத்திருந்த கேள்வித்தாளை எடுத்தேன். தாளை மேஜையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டேன்.

“அம்மா, நான் உங்க வீட்டுக்கு வந்தேனா?”

“வந்தீங்க.” அந்த அறையில் இருந்த தட்டச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னைக்கு?”

“அவரு செத்த முப்பதாம் நாளு. வெயில்ல வேர்த்து வந்தீங்க. என் மவ மோரு குடுத்துச்சு. குடிச்சீங்க.”

“அப்புறம் என்ன செஞ்சேன்?”

“என்ன செஞ்சீங்களா? ஒரு காயிதத்துல என்னமோ எழுதி, படிச்சுக் காட்டி, என் கைநாட்ட வாங்கிட்டுப் போனீங்க. அந்தக் காயிதத்துலதான் நான் சொத்து வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேனாம். பெரியவன் சொன்னான். அதை வாங்கிட்டுப் போயிதானே என் பேரை எடுத்தீங்க?”

அருள், அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அன்று கேட்டருகே நின்று நான் ‘வாங்கிக்கொண்டு போனதாக’ அவர் சொன்னது பணம் இல்லை. கைநாட்டு. நான் அவருக்காக எழுதிய வாக்குமூலத்தைத்தான், அவரை வெளியேற்றிய தாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். மூத்தாள் மகன் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறான்.

நான் வீட்டுக்கே போகவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. என்னைச் சபித்துக்கொண்டே அந்தம்மா அதை உடைத்துப் போட்டார்.

இக்ரா மேடம் தபால் புத்தகத்தைத் திறந்தார். ‘ஆர்.ஐ. அறிக்கை, இணைப்பு 1: வீராயி வாக்குமூலம்.’ பெற்றுக்கொண்டவர் கையெழுத்து, அன்புச்செல்வன். மேடம் வீராயியைப் பார்த்து, “அம்மா, அந்தத் தாள்ல உங்க பேரையும் உங்க பொண்ணு பேரையும் சேர்க்கணும்னுதான் இருந்திருக்கும்” என்றார். வீராயி என்னைப் பார்த்தார். “அப்ப அது எங்க?” என்று மட்டும் கேட்டார். மேடம் அந்தக் கேள்வியையும் தட்டச்சு செய்யச் சொன்னார்.

அங்கேயே நான் ஜெயித்திருக்கலாம். ஆனால் மேடம், “உங்க லாகின்ல எப்படி ஏறிச்சு?” என்று கேட்டார். ‘தெரியாது’ என்று சொல்லத் தயாராகத்தான் போயிருந்தேன். இரண்டு வருஷமாக வீராயி ஒரு பொய்யை நம்பி வெந்துகொண்டிருந்த பிறகு, அவர் எதிரில் உட்கார்ந்து இன்னொரு பொய்யைச் சொல்ல முடியவில்லை. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன்.

“இதைச் சொன்னா உங்களுக்கே பாதகம், தெரியும்ல?”

“தெரியும் மேடம். எழுதிக்குங்க.”

வெளியே வந்த பிறகு ஒன்று உறைத்தது. பத்தொன்பது மாதம் என் பெயருக்காக அலைந்தேன். வீராயி பெயர் அந்தச் சான்றில் இன்னும் ஏறவே இல்லை. அதை ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. வாரிசுச் சான்றை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு போட வேண்டும் என்று வராந்தாவில் வைத்தே எழுதிக் கொடுத்தேன். கைநாட்டு வைப்பதற்கு முன்னால், “ரெண்டு தடவ படிங்க” என்றார் வீராயி. படித்தேன்.

அக்கா
ஆனந்தவள்ளி

---

சென்னை
22.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உத்தரவின் நகலை மூன்று தடவை படித்தேன். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. சஸ்பென்ஷன் காலம் முழுவதும் வேலை பார்த்த காலமாகக் கருதப்படும். பாஸ்வேர்டுக்குத் தனியே ஒரு சிறு குறிப்பாணை, தனியே உன்னிடம் விளக்கம் கேட்டு, பிறகு ஒரு கண்டனம். நீயே ஒப்புக்கொண்ட விஷயத்துக்குக் கூட உன்னைக் கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இக்ராவின் அறிக்கை பதினோரு பக்கம். உன் விளக்கத்தின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் இருக்கிறது. யாரோ ஒருவர் படித்திருக்கிறார், அக்கா.

இப்போது அனுமதி வாங்காமல் வரலாம். கனிஷ்கா கல்யாணம் ஒருவழியாக மார்ச் 9 என்று முடிவாகியிருக்கிறது. டிக்கெட் நான் போடுகிறேன்.

அருள்

---

ஸ்ரீரங்கம்
9.2.2025

தம்பி அருளுக்கு,

ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ்ஸில் லோயர் பெர்த் போடு. மேலே ஏற முழங்கால் விடாது.

வீராயிக்குச் சான்று வந்துவிட்டது. அவர் பெயர், மகள் பெயர், மகன் பெயர் மூன்றும் இருக்கின்றன. என்னைப் பழைய பிர்க்காவிலேயே போட்டிருக்கிறார்கள். நெட் இன்னும் வரவில்லை. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுப்பதில்லை என்பதால் தினமும் மாலையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறேன். மனுக்கள் தேங்குகின்றன, அதற்குத் தினம் ஒரு மெமோ.

அன்புச்செல்வனை ஜனவரியில் சஸ்பெண்ட் செய்தார்கள். பதினேழு பி. சாட்சிகள் நானும் வீராயியும். முந்தாநாள் இருவரும் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். விசாரணை அலுவலர் லீவு. வேறு தேதி. எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆபீஸ்காரர் ஒருவர், “ஆதாரம்தான் கையில இருக்கே மேடம், அந்தாளை நேரா வீட்டுக்கு அனுப்பாம எதுக்கு இந்த இழுவை?” என்றார். எனக்கும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மறைப்பானேன்?

வராந்தாக் கோடியில் அன்புச்செல்வன் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்த்திருக்கிறார். என்னைப் பார்த்து எழுந்து வந்தார்.

“மேடம், நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க. என் மேல போட்ட சார்ஜுக்கு ஆதாரமா காட்டின தாள் ஒண்ணும் எனக்குத் தரலை. மூணு தடவை கேட்டுட்டேன். எந்த ரூல்ல கேக்குறதுன்னு கேக்குறாங்க. நீங்க எப்படி வாங்கினீங்க?”

அருள், எனக்கு வந்த கோபத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்! மூத்தாள் மகனுக்காக என் பெயரில் பொய்யை ஏற்றியவர். வாக்குமூலத்தைக் காணாமல் அடித்தவர். அவர் என்னிடமே வந்து வழி கேட்கிறார். “வெட்கமா இல்லையா உங்களுக்கு?” என்று கேட்டேன். “இருக்கு மேடம்” என்றார். நகரவில்லை.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். ஜன்னல் கட்டையில் வைத்து எழுதினேன். விதி, உட்பிரிவு, தேதி எல்லாம். மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

வீராயி பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தாளுக்கா எழுதிக் குடுக்குறீங்க?”

“ஆமா.”

“அவன்தானே செஞ்சான்?”

“அவர்தான் செஞ்சார். ஆனா அவர் பக்கத்தைக் கேக்காம அனுப்பிட்டா நாளைக்குக் கோர்ட்டு திருப்பி அனுப்பிடும். என்னைக் கேட்ட மாதிரி அவரையும் கேட்டாகணும்.”

“உங்கள மாதிரியே ரெண்டு வருசமா?”

“தெரியலைம்மா.”

வீராயி அன்புச்செல்வனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “சரி, சீக்கிரம் எழுதிட்டு வாங்க. நாலரை பஸ்ஸ விட்டா எனக்கு ஆறு மணிக்குத்தான்” என்றார்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அன்புச்செல்வனுக்குக் காட்டிவிட்டு ஓடினேன். பஸ் கிடைத்தது.

அக்கா
ஆனந்தவள்ளி